கார் இருக்கிறது, கண்ணாடி இல்லை: தலைநகரில் எண்ணில்லாப் பொருள்களின் திருட்டு

புது தில்லி: இரவு வீட்டு வாசலில் நிறுத்தப்பட்ட ஸ்போர்ட்ஸ் கார் காலையில் அதே இடத்தில்தான் நிற்கிறது. கதவுகள் பூட்டியபடி உள்ளன. எச்சரிக்கை ஒலி எழுந்ததாக யாருக்கும் நினைவில்லை. ஆனால், இருபுறமும் இருந்த பக்கக் கண்ணாடிகளைக் காணோம். அவை இருந்த இடத்தில் அறுபட்ட மின்கம்பிகள் தொங்குகின்றன. முன்புறத்தில் பளபளத்த நிறுவனச் சின்னம் பெயர்த்தெடுக்கப்பட்டுள்ளது. சில வேளைகளில் நான்கு சக்கரங்களும் கழற்றப்பட்டு, கார் செங்கற்களின் மேல் உட்கார்ந்திருக்கிறது. தலைநகரின் குடியிருப்புப் பகுதிகளில் கார் வைத்திருப்போருக்கு இது புதிய காட்சி அன்று.

முழுக் காரும் திருடுபோவதோடு ஒப்பிட்டால் இது சிறிய குற்றமாகவே தோன்றும். விலையுயர்ந்த காரின் உரிமையாளருக்கு ஒரு கண்ணாடி பெரிய பொருட்டா என்ற கேள்வியும் எழக்கூடும். ஆனால், அந்தக் காரை இரவெல்லாம் பார்த்துக்கொள்ள வேண்டிய காவலாளியின் மீதுதான் முதல் சந்தேகம் விழுகிறது. பல நேரங்களில் வேலையும் போகிறது. அதே தெருவில் நிற்கும் வாடகைக் காரின் சக்கரம் களவுபோனால், அதன் ஓட்டுநருக்குச் சில நாள்களின் வருமானம் போகிறது. திருடப்பட்ட பதிவெண் பலகை வேறொரு குற்றத்துக்குப் பயன்பட்டால், ஒன்றும் அறியாத உரிமையாளரின் வீட்டுக் கதவைக் காவல் துறை தட்டுகிறது.

இத்திருட்டு ஏன் ஓயவில்லை என்பதற்கான விடை எளிமையானது. காருக்கு எண் உண்டு. அதன் பெரும்பாலான பாகங்களுக்குக் கிடையாது. எண்ணில்லாத பொருளைத் தேடுவது கடினம், விற்பது எளிது. சட்டம், காப்பீடு, உதிரி பாகச் சந்தை ஆகிய மூன்றும் இந்த ஓர் உண்மையைச் சுற்றியே இயங்குகின்றன.

தெருவே நிறுத்துமிடம்: தில்லியில் பதிவு செய்யப்பட்ட வாகனங்களின் எண்ணிக்கை 2017-ஆம் ஆண்டிலேயே ஒரு கோடியைக் கடந்தது. ஆனால், நகரின் பழைய குடியிருப்புகள் பலவும் ஒரு மனைக்கு ஒரு குடும்பம், ஒரு குடும்பத்துக்கு அதிகம்போனால் ஒரு கார் என்ற கணக்கில் திட்டமிடப்பட்டவை. பின்னர் தனி வீடுகள் இடிக்கப்பட்டு, மாடிக்கு ஒரு குடும்பம் வசிக்கும் கட்டடங்கள் எழுந்தன. மனையின் அளவு மாறவில்லை, கார்கள் பெருகின. வீட்டுக்குள் இடம் கிடைக்காத கார்கள் தெருவின் இருபுறமும் வரிசைகட்டின.

வாகன நிறுத்துமிடங்களை ஒழுங்குபடுத்தத் தனி விதிகள் 2019-இல் அறிவிக்கப்பட்டன. ஆயினும், தெருவில் கார் நிறுத்தும் வழக்கம் குறைந்துவிடவில்லை. தரைக்கு மிக நெருக்கமாக அமைந்த ஸ்போர்ட்ஸ் கார்களுக்குக் கூடுதல் சிக்கலும் உண்டு. வீட்டு வாயிலின் செங்குத்தான சரிவில் ஏறும்போது அவற்றின் முன்பகுதி தரையில் உரசும். இடம் இருந்தும், சரிவுக்கு அஞ்சிக் காரை வெளியே விடுவோரும் உள்ளனர். இரவில் பூட்டப்படும் தெருக் கதவு, ஒரு காவலாளி, இரண்டொரு கண்காணிப்புக் கேமராக்கள் ஆகியவையே பின்னர் அக்காருக்குப் பாதுகாப்பு.

கண்ணாடிக்குள் பல கருவிகள்: முன்பெல்லாம் பக்கக் கண்ணாடி என்பது ஓர் உலோகத் தண்டும் வட்டக் கண்ணாடியும் மட்டுமே. உடைந்தால் கடைவீதியில் வேறொன்று வாங்கி மாட்டிக்கொள்ளலாம். இன்றைய விலையுயர்ந்த காரில் அதே கண்ணாடிக்குள் அதை மடக்கும் மோட்டார், பனியை நீக்கும் சூடேற்றி, திருப்ப விளக்கு, கேமரா, பின்னால் வரும் வாகனத்தை உணரும் கருவி ஆகியவற்றில் பலவும் அடங்கியுள்ளன. மேலுறை காரின் வண்ணத்திலோ கரிநார் இழையிலோ செய்யப்பட்டிருக்கும்.

இதைக் கழற்றுபவன் பொறுமையாகக் கழற்றுவதில்லை. பிடித்து முறுக்கி இழுக்கிறான். கண்ணாடியோடு மின்கம்பித் தொகுதியும் அறுகிறது; கதவின் வண்ணப்பூச்சும் பெயர்கிறது. திருடியவன் பெறும் தொகை சிறியது. உரிமையாளர் இழக்கும் தொகையோ அதைப்போலப் பல மடங்கு. ஸ்போர்ட்ஸ் கார்களில் பெரும்பாலானவை வெளிநாட்டுத் தயாரிப்புகள் என்பதால், மாற்றுப் பாகம் இறக்குமதியாகி வரும்வரை காத்திருக்கவும் வேண்டும். அதுவரை கார் வாசலில் அசையாமல் நிற்கிறது. கண்ணாடியில்லாமல் தில்லியின் சுற்றுச்சாலையில் தடம் மாறுவது உயிரோடு விளையாடுவதாகும்.

சின்னங்களின் கதையும் இதுதான். ஒட்டுநாடாவாலோ சிறு பிடிப்புகளாலோ பொருத்தப்பட்ட சின்னத்தைப் பெயர்க்கச் சில விநாடிகள் போதும். இந்தத் தொல்லை உலகெங்கும் உள்ளது. ரோல்ஸ்-ராய்ஸ் நிறுவனம் 2003-ஆம் ஆண்டு முதல் வெளியிட்ட பாண்டம் கார்களில், முகப்புச் சிலை ஆபத்து நேரத்தில் தானாகவே உள்ளே இறங்கி மறையும்படி அமைக்கப்பட்டது. அத்தகைய வசதி இல்லாத காரின் உரிமையாளர் சின்னத்தை வீட்டுக்குள் எடுத்துச் செல்லவா முடியும்?

விலையுயர்ந்த கார்கள் மட்டுமே குறி என்று எண்ணிவிடலாகாது. தலைநகரிலும் வேறு நகரங்களிலும் மாருதி ஈக்கோ வேன்களின் புகைபோக்கிகள் அடியிலிருந்து அறுத்துச் செல்லப்பட்டுள்ளன. அவற்றோடு இணைந்துள்ள புகை வடிகட்டும் பகுதியில் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் ஆகிய அரிய உலோகங்கள் சிறிதளவு உள்ளன. பள்ளிக் குழந்தைகளையும் காய்கறிகளையும் ஏற்றிச் செல்லும் அந்த எளிய வண்டிகளின் உரிமையாளர்களில் பலருக்கு, தங்கள் வண்டிக்குள் பிளாட்டினம் இருப்பதே திருட்டுக்குப் பிறகுதான் தெரியவருகிறது.

பாகங்கள் போகுமிடம்: திருடப்பட்ட பாகம் வாங்குவதற்கு ஆள் இருப்பதால்தான் திருடப்படுகிறது. தில்லியின் காஷ்மீரி கேட் பகுதி நாட்டின் மிகப் பெரிய வாகன உதிரி பாகச் சந்தைகளுள் ஒன்று. கரோல் பாக் கடைகள் காரை அலங்கரிக்கும் பொருள்களுக்குப் பெயர்பெற்றவை. மேற்கு தில்லியின் மாயாபுரி பழைய வாகனங்களையும் இயந்திரங்களையும் பிரித்தெடுக்கும் தொழிலுக்கு அறியப்பட்டது. இங்குள்ளோரில் பெரும்பாலானோர் நேர்மையாகத் தொழில் செய்பவர்களே. பழைய காரின் நல்ல பாகத்தை வாங்கிப் பயன்படுத்துவது குற்றமும் அன்று. சிக்கனமானது, சுற்றுச்சூழலுக்கும் நல்லது. சிக்கல் வேறிடத்தில் உள்ளது. பட்டியல் இல்லாமல் ரொக்கத்துக்குக் கைமாறும் பழைய பொருள் எங்கிருந்து வந்தது என்று கேட்கும் வழக்கம் இச்சந்தைகளில் வேரூன்றவில்லை.

அப்படிக் கேட்காமல் இருப்பதன் விலையை மாயாபுரி ஒருமுறை கடுமையாகவே உணர்ந்தது. தில்லிப் பல்கலைக்கழக ஆய்வகம் ஒன்றில் பயன்படாமல் கிடந்த கதிரியக்கக் கருவி 2010-ஆம் ஆண்டு பழைய பொருளாக ஏலத்தில் விற்கப்பட்டது. மாயாபுரியில் அதைப் பிரித்தபோது கோபால்ட்-60 கதிர்வீச்சு பரவி ஒருவர் உயிரிழந்தார்; பலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். அது திருட்டுப் பொருள் அன்று. ஆனால் வந்த பொருள் என்ன, எங்கிருந்து வந்தது என்ற கேள்வி இல்லாமலேயே பழைய பொருள்கள் கைமாறுகின்றன என்பதை அந்நிகழ்வு நாட்டுக்கு உணர்த்தியது.

தில்லியிலிருந்து சுமார் 70 கி.மீ. தொலைவில், உத்தரப் பிரதேசத்தின் மீரட் நகரில் உள்ள சோதிகஞ்ச், திருட்டு வாகனங்களைப் பிரித்து விற்கும் இடமாக நெடுங்காலம் பேர்பெற்றிருந்தது. 2021-ஆம் ஆண்டில் அம்மாநிலக் காவல் துறை அங்கு கடும் நடவடிக்கை எடுத்தது. சிலரின் சொத்துகள் முடக்கப்பட்டன. டிசம்பர் மாதத்தில் சந்தை மூடப்பட்டது. அதே மாதத்தில் ஷாஜகான்பூரில் நடைபெற்ற விழாவில் பேசிய பிரதமர் நரேந்திர மோடி, சோதிகஞ்ச் மீதான நடவடிக்கையைக் குறிப்பிட்டார். ஒரு தெருவின் உதிரி பாக வணிகம் நாட்டின் பிரதமருடைய பேச்சில் இடம்பெறும் அளவுக்கு வளர்ந்திருந்தது என்பதே இத்தொழிலின் பரப்பைக் காட்டும். ஒரு சந்தை மூடப்பட்டாலும், மலிவான பாகத்தைத் தேடுபவர் இருக்கும்வரை வேறெங்கோ விற்பனை தொடரவே செய்யும்.

எண்ணுள்ளதும் இல்லாததும்: ஒவ்வொரு வாகனத்துக்கும் எஞ்சின் எண், சட்டக எண், பதிவெண் ஆகியவை உண்டு. கார் களவுபோனால் இவ்வெண்கள் தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் பதிவுகளில் சேர்க்கப்படுகின்றன. பழைய கார் வாங்குவோர் அது திருட்டு வாகனமா என்று சரிபார்க்க வழி உள்ளது. பழைய வாகனங்களை உடைக்கும் மையங்களுக்காக 2021 செப்டம்பரில் மத்திய அரசு வெளியிட்ட விதிகளும், உடைப்பதற்கு முன் அந்த வாகனம் திருட்டுப் பதிவில் உள்ளதா என்று பார்க்க வேண்டும் என்கின்றன.

பக்கக் கண்ணாடிக்கும் சக்கரத்துக்கும் இத்தகைய பாதுகாப்பு ஏதுமில்லை. சில பாகங்களில் தயாரிப்பாளரின் எண் இருக்கும். ஆனால் அது பெரும்பாலும் அந்த வகைப் பாகம் அனைத்துக்கும் பொதுவானது. இன்ன காருடையது என்று காட்டாது. எனவே, திருடன் பிடிபட்டு ஒரு மூட்டைக் கண்ணாடிகள் கைப்பற்றப்பட்டாலும், அவற்றுள் தன்னுடையது எது என்று நிரூபிக்க உரிமையாளரால் முடிவதில்லை. வழக்கு வலுவிழப்பதும் இங்கேதான். அடையாளம் காட்ட முடியாத பொருளைத் திருட்டுப் பொருள் என்று நீதிமன்றத்தில் நிலைநாட்டுவது எளிதன்று.

இக்குறையைப் போக்கும் வழி அறியப்படாததும் அன்று. கண்ணுக்குப் புலப்படாத நுண்புள்ளிகளை வாகனத்தின் பல பாகங்களிலும் தெளித்து, அவற்றின் மூலம் உரிமையாளரை அடையாளம் காணும் முறைக்காக 2019 ஜூலையில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் வரைவு அறிவிக்கை வெளியிட்டது. நுண்ணோக்கியிலும் புற ஊதா ஒளியிலும் மட்டுமே தெரியும் இப்புள்ளிகளை முற்றிலுமாக அகற்றுவது கடினம். இந்த முறை பரவலானால் கண்ணாடிக்கும் ஒரு 'பிறப்புச் சான்று' கிடைக்கும். அதுவரை, பதிவெண்ணைக் கண்ணாடியின் ஓரத்தில் பொறித்துக்கொள்ளும் பழைய வழக்கமே கைகொடுக்கும். தில்லியில் பல கார்களின் சன்னல்களிலும் பக்கக் கண்ணாடிகளிலும் இப்படிப் பொறிக்கப்பட்ட எண்களைக் காணலாம். பொறித்த கண்ணாடியைத் திருட முடியும், விற்பது கடினம்.

ஐயாயிரம் ரூபாய்க் கோடு: 2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாகப் பாரதிய நியாய சம்ஹிதை நடைமுறைக்கு வந்தது. அதன் 303-ஆம் பிரிவின்படி திருட்டுக்கு மூன்று ஆண்டுகள் வரை சிறை அல்லது அபராதம் அல்லது இரண்டும் விதிக்கலாம். மீண்டும் அதே குற்றத்தில் தண்டிக்கப்படுபவருக்கு ஓராண்டு முதல் ஐந்தாண்டு வரை கடுங்காவல் உண்டு. திருடப்பட்ட பொருளின் மதிப்பு ரூ.5,000-க்குக் குறைவாக இருந்து, குற்றவாளி முதல்முறை தண்டிக்கப்படுபவராகவும் இருந்து, பொருளையோ அதன் மதிப்பையோ திருப்பித் தந்தால், சமூக சேவையே தண்டனை.

சிறு தவறு செய்த இளைஞனைச் சிறைக்கு அனுப்பாமல் திருத்துவது என்ற நோக்கில் இது வரவேற்கத்தக்கது. ஆனால், இதோடு சேர்ந்த இன்னொரு மாற்றம் கார் உரிமையாளர்கள் அறிய வேண்டியது. புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் அட்டவணையில், ரூ.5,000-க்குக் குறைவான திருட்டு, பிடியாணையின்றிக் கைது செய்யக்கூடிய குற்றங்களின் வரிசையிலிருந்து விலக்கப்பட்டுள்ளது. அத்தகைய புகாரில், குற்றவியல் நடுவரின் உத்தரவின்றிக் காவல் துறை விசாரணையைத் தொடங்க இயலாது. சிறிய காரின் ஒற்றைக் கண்ணாடி இந்தக் கோட்டுக்குக் கீழே விழுந்துவிடக்கூடும். ஸ்போர்ட்ஸ் காரின் கண்ணாடி மேலே நிற்கும். ஒரே இரவில், ஒரே தெருவில், ஒரே கை செய்த திருட்டு இரண்டு புகார்களாகும்போது, ஒன்று விசாரணைக்குப் போகிறது. மற்றொன்று பதிவேட்டோடு நின்றுவிடலாம்.

எனவே புகார் எழுதும்போது பாகத்தின் மதிப்பைத் தெளிவாகக் குறிப்பிடுவதும், நிறுவனத்தின் விலைப்பட்டியல் அல்லது மதிப்பீட்டுச் சீட்டை இணைப்பதும் அவசியமாகிறது. "கண்ணாடி காணவில்லை" என்று மட்டும் எழுதிக் கொடுப்பது போதாது.

திருட்டுப் பொருள் என்று அறிந்தோ, அப்படி நம்புவதற்குக் காரணம் இருந்தோ வாங்கி வைத்திருப்பவருக்கு 317-ஆம் பிரிவு மூன்று ஆண்டுகள் வரை சிறை விதிக்கிறது. அதையே தொழிலாகக் கொண்டவருக்கு ஆயுள் சிறை அல்லது பத்தாண்டு வரை சிறை கிடைக்கலாம். சட்டம் திருடுபவனைவிட, திருட்டுப் பொருளைத் தொழிலாக வாங்குபவனைக் கடுமையாகப் பார்க்கிறது.

புகாரே முதல் படி: பக்கக் கண்ணாடிக்காகக் காவல் நிலையம் செல்வதா என்று எண்ணிப் பலர் விட்டுவிடுகின்றனர். அது திருடனுக்குச் செய்யும் உதவி. பதிவாகாத குற்றம் கணக்கில் வராது. கணக்கில் வராத இடத்துக்கு ரோந்தும் வராது. தில்லிக் காவல் துறை வாகனத் திருட்டுக்கு 2015-ஆம் ஆண்டிலும், பிற பொருள்களின் திருட்டுக்கு 2018-ஆம் ஆண்டிலும் இணையவழி முதல் தகவல் அறிக்கை வசதியைத் தொடங்கியது. திருடியவர் யார் என்று தெரியாத, வன்முறை ஏதும் நிகழாத திருட்டுகளுக்கு இது பொருந்தும். மின்னணு முறையில் அளிக்கப்படும் தகவலில் மூன்று நாள்களுக்குள் கையொப்பமிட வேண்டும் என்று புதிய நடைமுறைச் சட்டத்தின் 173-ஆம் பிரிவு கூறுகிறது. அறிக்கையின் நகலைக் கட்டணமின்றிப் பெறும் உரிமையும் புகார்தாரருக்கு உண்டு.

பிடியாணையின்றிக் கைது செய்யக்கூடிய குற்றம் பற்றிய தகவல் கிடைத்தால் முதல் தகவல் அறிக்கை பதிவு செய்தே ஆக வேண்டும் என்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 2013 நவம்பரில் லலிதா குமாரி வழக்கில் தீர்ப்பளித்துள்ளது. புகாரை ஏற்க மறுத்தால் மாவட்டக் காவல் அதிகாரிக்கு எழுத்து மூலம் அனுப்பலாம்; அதன் பின்னும் பயனில்லையெனில் குற்றவியல் நடுவரை அணுகலாம்.

இங்கே ஒரு பொறி உண்டு. தொலைந்த பொருள்களைப் பதிவு செய்வதற்கும் காவல் துறையில் தனி வசதி உள்ளது. எளிதாக முடிகிறதே என்று திருட்டையும் அதில் "தொலைந்தது" எனப் பதிவு செய்வோர் உண்டு. அது தகவல் பதிவு மட்டுமே, விசாரணை நடைபெறாது. பதிவெண் பலகை காணாமல் போனால் இந்தத் தவறைச் செய்யவே கூடாது. 2019 ஏப்ரல் முதல் புதிய வாகனங்களுக்குக் கட்டாயமாக்கப்பட்ட உயர் பாதுகாப்புப் பதிவெண் பலகையில் லேசர் மூலம் பொறிக்கப்பட்ட தனி எண் உள்ளது. காரின் வெளிப்புறத்தில் தனக்கெனத் தனி எண் கொண்ட பாகம் இது ஒன்றுதான் எனலாம். திருடுபோன பலகைக்கு மாற்று பெற முதல் தகவல் அறிக்கை தேவை. அந்த அறிக்கையே, பலகை தவறாகப் பயன்படுத்தப்பட்டால் உரிமையாளருக்குக் கவசமாகவும் அமையும்.

சாட்சியங்கள் விரைவில் அழிபவை. காரை அசைப்பதற்கு முன், நின்ற நிலையில் எல்லாப் பக்கங்களிலும் படமெடுக்க வேண்டும். கண்காணிப்புக் கேமராக்கள் பலவற்றில் சில நாள்கள் அல்லது சில வாரங்களில் பழைய பதிவின் மேல் புதிய பதிவு ஏறிவிடும். குடியிருப்போர் நலச் சங்கத்திடமும் அண்டை வீட்டாரிடமும் அன்றைக்கே கேட்டுப் பெறாவிட்டால் பிறகு கிடைக்காது. அப்பதிவு நீதிமன்றத்தில் ஏற்கப்பட உரிய சான்றிதழும் தேவை என்பதால், எந்தக் கருவியில் பதிவானது, யார் பொறுப்பில் இருந்தது என்பதைக் குறித்துவைப்பது நல்லது.

காப்பீட்டின் கணக்கு: மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் எடுத்திருந்தால் பாகத் திருட்டுக்கு ஒரு ரூபாயும் கிடைக்காது. சொந்தச் சேதத்தையும் உள்ளடக்கிய பாலிசியில் திருட்டு அடங்கும். ஆனால் முழுத் தொகையும் கைக்கு வராது. 2002-ஆம் ஆண்டின் மோட்டார் காப்பீட்டு விதிகளில் வகுக்கப்பட்ட தேய்மான அளவுகளே பாலிசிகளில் பொதுவாகத் தொடர்கின்றன. பிளாஸ்டிக், ரப்பர், டயர் போன்றவற்றுக்கு 50 சதவீதமும் கண்ணாடி இழைப் பாகங்களுக்கு 30 சதவீதமும் கழிக்கப்படும். கண்ணாடிக்குக் கழிவு இல்லை. உலோகப் பாகங்களுக்கு வாகனத்தின் வயதைப் பொறுத்து 50 சதவீதம் வரை கழிவு உண்டு. ஆக, பக்கக் கண்ணாடியில் கண்ணாடிக்கு ஒரு கணக்கு. அதன் உறைக்கு வேறு கணக்கு.

எடுத்துக்காட்டாக, ரூ.20 ஆயிரம் மதிப்புள்ள பிளாஸ்டிக் பாகம் ஒன்று திருடுபோனதாகக் கொள்வோம். தேய்மானமாக ரூ.10 ஆயிரம் போகும். பெரிய எஞ்சின் கொண்ட காருக்குக் கட்டாயக் கழிவாக ரூ.2 ஆயிரம் போகும். கிடைப்பது ரூ.8 ஆயிரம். ஆனால், ஐந்து ஆண்டுகள் இழப்பீடு கோராமல் இருந்து 50 சதவீதப் போனஸ் பெற்றவர், இதற்காக அதனை இழக்கிறார். அவரது சொந்தச் சேதப் பிரீமியம் ரூ.40 ஆயிரம் எனில், அடுத்த ஆண்டு ரூ.20 ஆயிரம் கூடுதலாகச் செலுத்த நேரும். அந்தப் போனஸை மீண்டும் பெற ஐந்து ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். இதனால்தான் பலர் காப்பீட்டை நாடுவதில்லை. காப்பீடு வேண்டாம் என்றானபின் புகாரும் வேண்டாம் என்று முடிவெடுக்கின்றனர். இந்த இரண்டாவது முடிவுதான் தவறானது.

நான்கு சக்கரங்களோ முகப்பு விளக்குகளோ போன ஸ்போர்ட்ஸ் கார் உரிமையாளருக்குக் கணக்கு வேறு. இழப்பு லட்சங்களைத் தொடும்போது இழப்பீடு கோருவதே லாபம். தேய்மானக் கழிவு இல்லாத கூடுதல் பாதுகாப்பும், போனஸைக் காக்கும் கூடுதல் பாதுகாப்பும் இத்தகைய கார்களுக்கு உதவும். டயர் தொடர்பாகப் பாலிசியில் தனி நிபந்தனைகள் உள்ளதால் அவற்றை முன்கூட்டியே படித்துப் பார்ப்பது நல்லது. பின்னர் வாங்கிப் பொருத்திய அலாய் சக்கரம், இசைக்கருவி போன்றவற்றை நிறுவனத்திடம் அறிவித்துப் பாலிசியில் சேர்த்திருந்தால் மட்டுமே இழப்பீடு கிடைக்கும். மதிப்பீட்டாளர் பார்வையிடும் முன் பழுதுபார்க்கத் தொடங்குவதும் கூடாது.

காவல் துறைக்கு உடனே தெரிவிக்க வேண்டும் என்பது பாலிசியின் நிபந்தனையும் ஆகும். வாகனத் திருட்டு வழக்கு ஒன்றில் 2020 ஜனவரியில் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், முதல் தகவல் அறிக்கை உடனே பதிவாகியிருந்தால், காப்பீட்டு நிறுவனத்துக்குத் தெரிவிப்பதில் ஏற்பட்ட தாமதத்தை மட்டும் காரணம் காட்டி இழப்பீட்டை மறுக்க இயலாது என்றது. விரைவான புகாரின் மதிப்பு இத்தீர்ப்பில் தெளிவாகிறது.

"உரிமையாளர் பொறுப்பு" செல்லுமா?: கட்டண நிறுத்துமிடங்களிலும் ஓட்டல்களிலும் தரப்படும் சீட்டுகளில், வாகனம் உரிமையாளரின் பொறுப்பிலேயே நிறுத்தப்படுகிறது என்ற வரி தவறாமல் இடம்பெறும். அந்த வரி எல்லா நேரத்திலும் காப்பாற்றாது என்பதைத் தில்லியில் தொடங்கிய வழக்கு ஒன்று காட்டியது. 1998-ஆம் ஆண்டு தாஜ் மகால் ஓட்டலில் ஊழியரிடம் சாவியைக் கொடுத்து நிறுத்தப்பட்ட மாருதி ஜென் கார் திருடுபோனது. இருபது ஆண்டுகளுக்கும் மேல் நீண்ட வழக்கில், 2019 நவம்பரில் உச்ச நீதிமன்றம் ஓட்டலே பொறுப்பு என்று தீர்ப்பளித்தது. சாவியுடன் காரை ஒப்படைத்த பின், கவனக்குறைவால் நேர்ந்த இழப்புக்குச் சீட்டின் பின்புற வாசகத்தைக் காட்டித் தப்ப இயலாது என்பதே அதன் சாரம். சாவியைக் கொடுக்காமல் தானே நிறுத்திச் செல்லும் இடங்களுக்கு இது அப்படியே பொருந்தும் என்று கொள்ள முடியாது. எனினும் சீட்டைப் பத்திரப்படுத்துவதும், காரைத் திரும்பப் பெறும்போது வெளிப்பாகங்களை அங்கேயே சரிபார்ப்பதும் உரிமையாளரின் கையில் உள்ளவை.

சிறு தடைகள் போதும்: பாகத் திருட்டின் பலம் வேகம். அந்த வேகத்தைக் குறைக்கும் எந்தத் தடையும் பயனுள்ளது. தனிச் சாவியால் மட்டுமே திறக்கும் பூட்டு நட்டு ஒவ்வொரு சக்கரத்திலும் ஒன்று இருந்தால், சாதாரண ஸ்பானருடன் வருபவன் திரும்பிச் செல்ல நேரும். இறங்கும்போது கண்ணாடிகளை மடக்கிவிடுவது, ஒரு பக்கம் சுவரை ஒட்டி நிறுத்துவது, விளக்கொளி விழும் இடத்தைத் தேர்வது ஆகியவற்றுக்குச் செலவே இல்லை. காரைத் தூக்கினாலோ சாய்த்தாலோ ஒலிக்கும் உணர்கருவி சக்கரத் திருட்டுக்கு எதிராகப் பயன்படும். ஆனால் கண்ணாடி பறிபோவதை அது உணராமல் போகலாம். துணி உறை போட்டு மூடுவது எந்தக் கார் என்பதை மறைக்காது. ஆனால் அதை அகற்றச் செலவாகும் சில விநாடிகளும் தடையே.

காவலாளியின் நிலையும் கவனத்துக்குரியது. பன்னிரண்டு மணி நேரம் நின்று பணியாற்றும் ஒருவர், இரண்டு மூன்று தெருக்களைக் கவனிக்க வேண்டியுள்ளது. திருட்டு நடந்த மறுநாள் அவரை வேலையிலிருந்து நீக்குவதால் கண்ணாடி திரும்பி வருவதில்லை. வரும் போகும் வாகனங்களைக் குறிக்கும் பதிவேடு, இயங்கும் கேமரா, எரியும் தெருவிளக்கு ஆகிய மூன்றையும் அவருக்கு அளித்த பின்னரே அவர்மேல் குறை காண்பது நியாயம்.

வாங்குபவரின் பங்கு: கண்ணாடியை இழந்தவர் அடுத்து செய்வது புதியதை வாங்குவது. நிறுவனத்தின் விற்பனை மையத்தில் கேட்கும் விலை மலைக்க வைக்கிறது. சந்தையில் அதே கண்ணாடி, அதே வண்ணத்தில், பாதிக்கும் குறைவான விலைக்குக் கிடைக்கும் என்று யாரோ சொல்கின்றனர். அவர் போகிறார், பட்டியல் கேட்பதில்லை, வாங்கி மாட்டிக்கொள்கிறார். அது அவருடைய கண்ணாடியாகவே இருக்கலாம். அல்லது வேறொரு தெருவில், வேறொருவர் அதே காலையில் தேடிக்கொண்டிருக்கும் கண்ணாடியாக இருக்கலாம்.

இவ்வாறு, இழந்தவரே அடுத்த திருட்டுக்குப் பணம் கொடுப்பவராகிறார். பழைய பாகம் வாங்கக் கூடாது என்பதல்ல. எந்தக் காரிலிருந்து கழற்றியது, அந்தக் கார் எங்கே முறைப்படி உடைக்கப்பட்டது என்று கேட்டு, பட்டியலுடன் வாங்க வேண்டும் என்பதே. பட்டியல் தர மறுக்கும் கடையில் விலை ஏன் குறைவு என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை.

காருக்கு எண் கொடுத்த நாட்டில், அதன் பாகங்களுக்கும் எண் கிடைக்கும் காலம் வரலாம். அதுவரை, கண்ணாடி ஓரத்தில் பொறித்த பதிவெண், அன்றே பதிவான முதல் தகவல் அறிக்கை, கடையில் கேட்டு வாங்கிய பட்டியல் ஆகிய மூன்றுமே அந்த எண்ணின் இடத்தை நிரப்ப வேண்டும். செங்கல்லின் மேல் நிற்கும் காரைச் சுற்றிக் காலையில் கூடும் கூட்டம், வருந்திவிட்டுக் கலைந்துபோகிறது. அவர்களில் ஒருவர் தன் வீட்டுக் கேமராவின் பதிவை எடுத்துக் கொடுத்தால், விசாரணை அங்கிருந்து தொடங்கும்.